புரட்டாசியில் ஆறிய வயிறு: மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 57. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் மகன் குடும்பத்துடன் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அஜீரணத்தால் மிகவும் அவதிப்பட்டேன். எதைச் சாப்பிட்டாலும் வயிறு கல் போல ஆகிவிடும். இரவில் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து வரும். புரட்டாசி பிறந்த வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதன்பேரில் ஈனோ உப்பை வாங்கி, காலையும் இரவும் ஒரு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். மாதம் முடிவதற்குள் வயிறு லேசாகிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு தொந்தரவு சிறிது திரும்பியிருக்கிறது என்றாலும், உப்பைக் குடித்தால் அடங்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையும், முழங்கால் வலிக்குத் தினம் ஒரு தலைவலிப் பொடியும் தவிர வேறு மருந்து எடுப்பதில்லை. எனக்குக் கிடைத்த சுகம் மற்றவர்களுக்கும் கிடைக்க இதை வெளியிட வேண்டுகிறேன். தொடர்ந்து குடிக்கலாமா என்பதையும் தெரிவிக்கவும்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை முழுமையாக வெளியிட்டிருக்கிறேன். உங்களுக்குச் சுகம் கிடைத்தது என்பதை நான் நம்புகிறேன். ஆனால், அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் உங்களோடு கொஞ்சம் வேறுபடுகிறேன்.

இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகப் பட்டினத்தில் ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ என்ற மருந்துக்கடைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் கலந்து விற்ற பொடி இது. அதில் இரகசியம் எதுவும் இல்லை. 5 கிராம் பொடியில் சோடியம் பைகார்பனேட் சுமார் 2.3 கிராம், சிட்ரிக் அமிலம் சுமார் 2.2 கிராம், சோடியம் கார்பனேட் அரை கிராம் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் பொங்குவது கரியமில வாயு. எஞ்சிய காரம் வயிற்றில் சுரந்திருக்கும் அமிலத்தைச் சமன் செய்ய, ஏப்பமும் வெளியேற, சில நிமிடங்களில் நெஞ்சுக்கரிப்பு அடங்குகிறது. ஆனால் வயிறு அமிலம் சுரப்பதை இது நிறுத்துவதில்லை. அமிலம் ஏன் மேலேறுகிறது என்பதையும் தொடுவதில்லை. எப்போதாவது விருந்துக்குப் பிறகு ஒரு டம்ளர் குடிப்பவருக்கு இதுவே போதும். இரண்டு ஆண்டு நோவுக்கு இது போதாது.

இனி புரட்டாசிக்கு வருகிறேன். நம் வீடுகளில் அந்த மாதம் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டுக்கறி இல்லை, கோழி இல்லை, வாரக்கடைசி பிரியாணியும், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய பனி சௌவும் இல்லை; மது அருந்துபவர்கள்கூட அதைத் தள்ளி வைக்கிறார்கள். பருப்பும் ரசமும் கீரையும் சோறும்தான் சமையல். விளக்கேற்றியபின் நேரத்தோடு சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, சற்று உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் படுக்கிறோம். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையையும் அது தளர்த்துகிறது. மதுவும் அப்படியே. வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அந்தத் தளர்ந்த வாய் வழியாக அமிலம் மேலேறுகிறது. இவையெல்லாம் ஒரே மாதத்தில் விலகியபோது உங்கள் வயிறு ஆறியது. தீபாவளிப் பலகாரமும் கறிச் சாப்பாடும் திரும்பியபோது, உப்பை நீங்கள் ஒருநாளும் விடாமல் குடித்துக்கொண்டிருந்தும், தொந்தரவும் கூடவே திரும்பியது. பொடிதான் குணமாக்கியது என்றால், அது ஏன் ஐப்பசியில் தோற்க வேண்டும்? நீங்கள் காத்த விரதத்திற்குரிய பெருமையில் பெரும்பங்கைப் பொடிக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றே கருதுகிறேன்.

தொடர்ந்து குடிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. ஒரு வேளைப் பொடியில் சுமார் 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியமே தகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையும் இரவும் குடிக்கும் நீங்கள், சோற்றிலும் குழம்பிலும் ஊறுகாயிலும் உப்புச் சேருவதற்கு முன்பே 1700 மில்லிகிராமை எடுத்துவிடுகிறீர்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் ஒரு பக்கம் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க, அந்த மாத்திரைக்கு எதிராக நீங்களே தினமும் இரண்டு முறை வேலை செய்துவருகிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது தலைவலிப் பொடிதான். அதை மருந்து என்றே நீங்கள் எண்ணவில்லை போலிருக்கிறது. காகிதத்தில் மடித்து விற்கும் அந்தப் பொடிகளில் பொதுவாக ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபீன் மூன்றும் இருக்கும். இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலத்திலிருந்தே காக்கும் வழவழப்பான படலத்தை உடல் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருளை ஆஸ்பிரின் தடுத்துவிடுகிறது. நான் கடையில் இருந்த ஆண்டுகளில் ஒரு மாதுவைக் கவனித்ததுண்டு. மாதச் சம்பள நாளன்று வருவார். தலைவலிப் பொடிக் கட்டு ஒன்று, வயிற்றுப் பொடி டப்பா ஒன்று, இரண்டையும் ஒரே பையில் போடச் சொல்வார். ஒன்று புண்ணைக் கிளற, மற்றொன்று அதன் எரிச்சலை மறைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சில்லறை கொடுக்கும்போது அவர் உள்ளங்கை வெள்ளைத்தாள் போல வெளிறியிருந்ததைப் பார்த்து, மலம் எந்த நிறத்தில் போகிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். தார் போலக் கருப்பாக என்றார். இரைப்பைப் புண்ணிலிருந்து வாரக்கணக்கில் இரத்தம் கசிந்திருக்கிறது.

ஆகவே முழங்கால் வலிக்கு அந்தப் பொடியை இன்றே நிறுத்திவிடுங்கள்; பாரசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். (இதயத்திற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறு அளவு ஆஸ்பிரினை எடுத்துவரும் வாசகர்கள், இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.) உங்கள் வயதில், இத்தனை நாள் நீடித்த அஜீரணத்திற்கு இரைப்பையைக் குழாய் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கலாம். விழுங்கும்போது தடை, காரணமில்லாமல் எடை குறைதல், ஓயாத வாந்தி, கருமலம், இரத்த சோகை ஆகிய ஏதேனும் இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான பரிசோதனையையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டும்வரை, வயிற்றுப்புண் என்பது கவலையாலும் காரமான உணவாலும் வருவது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். எத்தனை டப்பா உப்பைக் கரைத்துக் குடித்தாலும் அந்தக் கிருமி போகாது.

இன்னொன்றையும் எல்லா வாசகர்களுக்குமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை கடை அடைக்கும் நேரத்தில் ஒருவர் வந்து, “அஜீரணத்திற்கு ஏதாவது கொடுங்கள், ஐயா” என்றார். காசை மூடிய கையோடு நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டிருந்தார். குளிர்காலத்திலும் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. நான் மருந்து கொடுக்கவில்லை. உட்கார வைத்து ஆம்புலன்ஸை வரவழைத்தேன். அது மாரடைப்பு. சர்க்கரையும் இதயநோயும் மிகுந்த நம் சமூகத்தில், நடந்தால் கூடுகிற, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற, வியர்வையோடு வருகிற எந்த ‘வாயுப் பிடிப்பையும்’ பொடி கரைத்துக் குடித்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. கைப்பேசியிலிருந்து 112, அல்லது 10177 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: டொங்காட்டிலிருந்து எழுதுகிறேன். மருந்துக்கடையில் வாங்கிய, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை ஓராண்டாகப் போட்டு வருகிறேன். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக எரிகிறது. வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமா?

பதில்: மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் இம்மாத்திரையின் அட்டையில் 14 நாட்களுக்கு மேல் வேண்டாம் என்று இருப்பதைப் பாருங்கள் தம்பி. நீண்டநாள் அடக்கி வைத்த அமிலம், மாத்திரையைத் திடீரென்று விட்டதும் சில வாரங்களுக்குக் கூடுதலாகச் சுரக்கும். அதை நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்திற்குக் கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இரவுச் சாப்பாட்டிற்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். மேலே சொன்ன கிருமிப் பரிசோதனைக்குப் போவதானால் மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரங்களுக்கு முன்பே இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

கேள்வி: என் ஆயா ஓமத் தண்ணீரோடு, இங்கே சிறு புட்டிகளில் விற்கும் பழைய வீட்டு மருந்தான டச்சு சொட்டு மருந்தையும் சேர்த்துக் குடிக்கிறார். தைராய்டு மாத்திரையும் உண்டு. இதனால் கெடுதல் உண்டா? – ஒரு பேத்தி, ஃபீனிக்ஸ்

பதில்: ஓமத் தண்ணீரால் கெடுதல் இல்லை, ஆயா குடிக்கட்டும். சொட்டு மருந்துகள் பலவற்றில் சாராயம் கலந்திருக்கும் என்பதால், புட்டியின் லேபிளைப் படித்துவிட்டு, அதை மருத்துவரிடமும் காட்டுங்கள். கால்சியம், அலுமினியம் கலந்த வயிற்று மருந்துகளை எடுத்தால் மட்டும், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்கட்டும்.