பிள்ளையின் இசையை நிறுத்தலாமா? டீச்சர் பதில்கள்

கே: டீச்சர், மகன் படிவம் நான்கு. பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். அடுத்த வருஷம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. வாசிப்பை நிறுத்திடலாமா? (செந்தூல் அம்மா)

ப: நிறுத்தாதீங்கம்மா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். இசைப்பாடம் எடுத்தவர்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் முன்னால் நின்றார்கள். பாடியவர்களைவிட வாத்தியம் வாசித்தவர்கள் கூடுதலாக. பல வருஷம் ஊன்றி வாசித்தவர்கள் சராசரியாக ஓராண்டுப் படிப்புக்கு மேலேயே முந்தியிருந்தார்கள். தேர்வு நெருங்கும்போது பயிற்சி நேரத்தைக் குறைத்தால் போதும். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு இருப்பதையும் மறக்காதீங்க.

கே: வசதியான வீட்டுப் பிள்ளைகள்தானே இசை படிக்கிறார்கள்? (பட்டர்வொர்த் அப்பா)

ப: நியாயமான சந்தேகம். அந்தக் கனடா ஆய்வில், வட்டாரத்தின் வசதி, ஏழாம் வகுப்பு மதிப்பெண் இரண்டையும் கணக்கில் சேர்த்த பிறகும் வித்தியாசம் இருந்தது. ஆனாலும் இசைதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. டொரொண்டோவில் ஷெல்லன்பெர்க் என்ற ஆய்வாளர் 144 ஆறு வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 2004-இல் வெளியிட்டார். இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக ஏறியது. 2020-இல் சாலா, கோபெ என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கட்டுக்கோப்பாக நடந்தவற்றில் பலன் ஏறக்குறைய இல்லை. மார்க் ஏறும் என்று நம்பி வீணை வாங்காதீங்க.

கே: அப்புறம் எதுக்கு டீச்சர்?

ப: என் வகுப்பில் பார்ப்பதைச் சொல்கிறேன். மிருதங்கம் படிக்கும் பையனுக்கு ஒரு தாளச் சொல் பிசகினால், முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பிசகிய அந்த ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு தாளச் சுற்றை மட்டும் எடுத்து, வாயால் சொல்லித் தாளம் போட்டு, வேகத்தைக் குறைத்து, சரியாகும்வரை வாசிக்கிறான். கணக்கில் தப்பு வந்தாலும் அதே பொறுமையோடு தப்பின் இடத்தைத் தேடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பள்ளி இசைக்குழுவில் இருப்பவன் வராவிட்டால் குழுவுக்கு நஷ்டம். அது தெரிந்த பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட யோசிக்கும்.

கே: மோட்சார்ட் கேட்டால் மூளை வளருமா?

ப: வளராது. 1993 ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்த பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

கே: தம்பி உறுமி மேளக் குழுவே கதியென்று இருக்கிறான். படிப்பில் நாட்டமில்லை. (ஜார்ஜ்டவுன் அக்கா)

ப: தயவுசெய்து அதைக் கீழாகப் பார்க்காதீங்கம்மா. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்க எவ்வளவு உழைப்பு வேண்டும்! பள்ளி விழாவில் வாசிக்க வாய்ப்பு கொடுக்கும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்க. ஆசிரியர்கள் முன்னால் கைதட்டு வாங்கினால் பள்ளிமேல் ஒட்டுதல் வரும். பள்ளி நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் கோயில் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பாதீங்க, தூக்கம் கெட்டால் எல்லாமே கெடும்.