‘செல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

உயிரியலிலும் சிறையிலும் கைப்பேசியிலும் ஒரே ‘செல்’ வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிற்றறை என்று பொருள்படும் ‘செல்லா’ என்ற லத்தீன் சொல்லே இவை அனைத்துக்கும் வேர். கைதியின் அறை அப்பொருளை அப்படியே காத்து நிற்கிறது. 1665இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது தேனடைபோலத் தெரிந்த வெற்றுக் கட்டங்களுக்கு அப்பெயரைச் சூட்டினார். அவர் கண்டவை உயிரற்ற சுவர்களே என்பதை நினைத்தால், இன்று உயிரின் அடிப்படை அலகையே அச்சொல் குறிப்பது எனக்குப் பெருவியப்பாக இருக்கிறது. கைப்பேசித் துறையில் ‘செல்’ என்பது கருவி அன்று, ஓர் அலைக்கோபுரத்தின் எல்லைக்குட்பட்ட நிலப்பரப்பு. பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது அழைப்பு அடுத்த பரப்புக்குக் கைமாறுகிறது. மின்கலத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் ‘செல்லரித்த ஏடு’ என்பதிலுள்ள செல், கறையானைக் குறிக்கும் தமிழ்ச்சொல், இரண்டுக்கும் உறவில்லை.