மஞ்சள் பட்டையா, சிவப்புப் பட்டையா?

கேள்வி: தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிய எங்கள் கோவில் சங்கத்தில் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ரசீது அச்சாகும். பழைய செயலாளர் பென் டிரைவில் தந்தபோதெல்லாம் ஒழுங்காக ஓடியது. இம்முறை மின்னஞ்சலில் அனுப்பினார். திறந்ததும் மேலே சிவப்புப் பட்டை, பொத்தான் அசையவில்லை. எல்லா மேக்ரோவையும் (பொத்தானை இயக்கும் சிறு நிரலை) அனுமதிக்கும்படி மாற்றியும் பயனில்லை.
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: முதலில் அந்த அனுமதியைப் பழையபடி 'அறிவிப்புடன் முடக்கு' என்பதற்கே மாற்றிவிடுங்கள். உங்கள் சிக்கலுக்கு அது மருந்தல்ல. வேறு யாராவது அனுப்பும் விஷக் கோப்புக்குத்தான் கதவு திறந்துவிடும். 1999-இல் வேர்டு கோப்பில் ஒளிந்து வந்த மெலிஸா வைரஸ், முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது, அதுவும் மேக்ரோதான்.

மஞ்சள் பட்டை வந்தால் எக்செல் உங்களிடம் கேட்கிறது என்று பொருள். 'எனேபிள் கன்டென்ட்' (பிரெஞ்சுப் பதிப்பில் 'அக்திவே லெ கோந்தெனு') அழுத்தினால் போதும். சிவப்புப் பட்டை கேட்பதில்லை. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பின் கூடவே விண்டோஸ் ஒரு சிறு குறிப்பை ஒட்டி வைக்கிறது; அதில் 'ஸோன்ஐடி=3' என்று ஒரு வரி இருக்கும். 2022 முதல் அந்தக் குறி உள்ள கோப்பின் மேக்ரோவை ஆபீஸ் நேரே தடுத்துவிடுகிறது. பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறையில் இருக்கும். அங்கே இந்தக் குறிப்புக்கு இடமில்லை, வழியிலேயே உதிர்ந்துவிடும். பழைய கோப்புகள் தொல்லை தராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அனுப்பியது அவர்தானா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இணைப்பை அப்படியே திறக்காமல் ஒரு ஃபோல்டரில் சேமித்து, எக்செல்லை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், ஜெனரல் பக்கம். அடியில் 'அன்பிளாக்' (பிரெஞ்சில் 'தெப்ளொக்கே') கட்டம் தெரியும். டிக் செய்து ஓகே கொடுங்கள். ஸிப்பாக வந்திருந்தால் பிரிப்பதற்கு முன் ஸிப்பிலேயே இதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருப்பவற்றுக்கும் குறி ஒட்டிக்கொள்ளும்.

அன்பிளாக் கட்டமே இல்லையா? அப்படியானால் கோப்புப் பெயரின் வாலை, புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எம் (xlsm) என்றில்லாமல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (xlsx) என்றிருந்தால், சேமித்தபோதே மேக்ரோ கழன்றுபோயிருக்கும். மூலக் கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் வழி.

வாரம் ஒரு புதிய பதிப்பு வருகிறதென்றால் அதற்கென்று தனி ஃபோல்டர் ஒன்றை, எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' பட்டியலில் சேர்த்துவிடலாம். டவுன்லோட்ஸை மட்டும் சேர்க்காதீர்கள். கண்டதெல்லாம் வந்து விழும் இடம் அது.

கேள்வி: எங்கள் ரசீதுக் கோப்பில் மேக்ரோ எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் தொகை கேட்கும் இன்புட்பாக்ஸ் பெட்டியில் 1250,50 என்று தட்டினால் ரசீதில் 1250 ரூபாய்தான் வருகிறது. என் கணினி பிரெஞ்சில் இருக்கிறது.
– வாசகர், காத்ர் போர்ன்

பதில்: மேக்ரோவில் 'வால்' (Val) என்ற செயற்கூறு இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குப் புள்ளிதான் தசமம். காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். 'சிடிபிள்' (CDbl) என்று மாற்றினால் உங்கள் கணினியில் சரியாகும். ஆனால் ஆங்கில அமைப்புள்ள கணினியில் அதே 1250,50 என்பது 125050 ஆகிவிடும், ஏனென்றால் அங்கே காற்புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி! இரு வகைக் கணினியிலும் ஓடவேண்டுமானால் தொகையை எண்ணாகவே கலத்தில் பதியவைத்து, அங்கிருந்து நேரே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எக்செல்லுக்குப் பதில் நான் வைத்திருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் மேக்ரோ முடக்கம் என்றே வருகிறது.
– வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டி. 'ஹை' என்பதை 'மீடியம்' ஆக்கி, கோப்பை மூடித் திறந்தால் கேட்டுவிட்டு ஓட்டும். எக்செல்லுக்காக எழுதிய மேக்ரோ எல்லாம் அங்கே ஓடாது. ரசீது அச்சாகிறதா என்று வேண்டாத பிரதியில் முதலில் பாருங்கள்.