போர்ட் பிளேரில் அறை எடுக்குமுன் படகுத்துறையைக் கேளுங்கள்

கேள்வி: மே மாத இறுதியில் ஐந்து இரவுகளுக்கு அந்தமான் செல்கிறோம். மூட்டுவலி உள்ள 67 வயது அம்மா, இரண்டு குழந்தைகள், நாங்கள் இருவர். முதல் இரண்டு இரவுகள் போர்ட் பிளேரிலும் அடுத்த மூன்று இரவுகள் ஹேவ்லாக் தீவிலும் தங்கிவிட்டு, கடைசி நாள் காலைப் படகில் திரும்பிப் பிற்பகல் விமானத்தைப் பிடிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். போர்ட் பிளேரில் கார்பின்ஸ் கோவ் கடற்கரை, அபர்தீன் பஜார், விமான நிலையத்துக்கு அருகில் என மூன்று இடங்களைச் சொல்கிறார். நாளொன்றுக்கு 3,200 ரூபாய் அறைக்கு 12 விழுக்காடு வரியும் கேட்கிறார். என் தம்பி மட்டும் சென்னையிலிருந்து கப்பலில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வான். எங்கே தங்குவது?

பதில்: போர்ட் பிளேர் உங்களுக்கு இறங்கி ஏறும் ஊர். ஆகவே அறையின் அழகையோ ஜன்னலில் தெரியும் கடலையோ விட, மறுநாள் காலையில் எந்தத் துறையிலிருந்து உங்கள் படகு புறப்படுகிறது என்பதே நீங்கள் எங்கே தங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்புகின்றன. தனியார் விரைவுப் படகுகள் ஹேடோ துறைமுகப் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. இரண்டுக்கும் இடையே மூட்டைகளோடு நடந்து கடக்கக்கூடிய தூரம் இல்லை. ஒரே தீவுக்குப் போகும் பயணிகளை இரண்டு துறைகளில் நிறுத்திவைத்துவிட்டு, எந்தச் சீட்டுக்கு எந்தத் துறை என்பதைப் பயணியே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கும் ஏற்பாட்டை நான் எத்தனை முறை விளக்கினாலும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஊரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்றும், ஹேவ்லாக்கின் பெயரை 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்றும் மாற்ற முடிந்தவர்களுக்கு, இந்தச் சின்ன விவரத்தைப் பயணிக்குத் தெளிவாகச் சொல்லிவிட முடியவில்லை. முன்பதிவுத் தளங்களில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இட்டுத் தேடுங்கள். ஒன்றில் அகப்படாத விடுதி மற்றொன்றில் அகப்படும்.

உங்கள் குடும்பத்துக்கு அபர்தீன் பஜாரையும் கோல்கரையும் ஒட்டிய பகுதி, அல்லது அங்கிருந்து டெலானிப்பூர் வரை நீளும் பகுதி பொருந்தும். இரண்டு துறைகளுக்கும் சிறிது நேரத்தில் போய்விடலாம். செல்லுலார் சிறையும், ராஸ் தீவுக்குப் படகு ஏறும் இடமும், மருந்துக் கடைகளும் அருகில் உள்ளன. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் என்பதால் நம் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் இது மேடும் பள்ளமுமான ஊர். வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று காட்டும் தூரம் செங்குத்தான ஏற்றமாக இருக்கக்கூடும். அம்மாவை நினைத்து, விடுதி வாசல்வரை வண்டி வருமா, லிஃப்ட் உண்டா, மின்சாரம் போனால் அந்த லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். "லிஃப்ட் உண்டு" என்ற பதிலோடு மட்டும் நின்றுவிடாதீர்கள்.

கார்பின்ஸ் கோவ் ஊரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தமானில் மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே விடிந்து, மாலை ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நண்பகலில் விமானத்திலிருந்து இறங்கி, சாப்பிட்டு, சிறை பார்க்கப் போய் வருவதற்குள் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அந்தக் கடல்காட்சி இருட்டில் மூழ்கியிருக்கும். அடுத்து மூன்று நாள் ஹேவ்லாக்கில் கடலருகேதான் இருக்கப்போகிறீர்கள். விமான நிலையத்துக்கு அருகில் என்பதும் வெறும் ஆசைவார்த்தை. விமான நிலையமே ஊருக்குள் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இடம் அல்ல, வரிசை. தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலைத் தொடுவது பெரும்பாலும் மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில். நீங்கள் போவது அதற்குச் சற்றுப் பின்னால். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானமோ உங்களுக்காகக் காத்திருக்காது. காலைப் படகு, பிற்பகல் விமானம் என்று திட்டம் போடும் ஏஜென்டுக்கு இதில் நட்டம் ஏதுமில்லை; படகு நின்றால் ஐந்து பேருக்கும் புதிய விமானச் சீட்டு வாங்கும் செலவு உங்களுடையது. ஆகவே முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவுகள் ஹேவ்லாக், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேர் என்று மாற்றச் சொல்லுங்கள். இரவுகளின் எண்ணிக்கை கூடவில்லை, எனவே அவர் மறுக்கக் காரணம் இல்லை. மறுத்தால் ஏஜென்டை மாற்றுங்கள்.

பேக்கேஜ் தாளில் விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான விடுதி" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அந்தச் சொற்களை நம்பிப் போய், பஜாரில் லிஃப்ட் உள்ள விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு, நகரின் விளிம்பில் மூன்றாம் மாடிக்குப் படியேறிய பெரியவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு விடுதியின் தொலைபேசி எண்ணை ஏஜென்டிடம் கேட்காமல் நீங்களே தேடி எடுத்து அழைத்து, உங்கள் பெயரில் எந்தத் தேதிகளுக்கு எந்த வகை அறை பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். முன்பணம் கைமாறிய பிறகும் பதிவே ஆகாமல் இருப்பது உண்டு. விமான நிலைய வாசலில் "அந்த விடுதி மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால், வண்டியில் ஏறுமுன் விடுதியை அழைத்துப் பேசிவிடுங்கள். கமிஷன் தரும் விடுதிதான் அவர்கள் அகராதியில் நல்ல விடுதி.

வரி விஷயம் எளிது. நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரை வாடகையுள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான். 12 விழுக்காடு என்பது பழைய கணக்கு. மறந்து கேட்கிறாரா, மறக்காமல் கேட்கிறாரா என்று ஆராயாமல், விடுதியின் ரசீதை மட்டும் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். ஊருக்குக் குடிநீர் தரும் தானிக்காரி அணையில் மழைக்கு முன்பான மாதங்களில் நீர் குறைந்துவிடுவதால், கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வருவது அங்கே பழகிப்போன அவதி. விடுதியில் பெரிய தொட்டி உண்டா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். அறையைக் காலி செய்யும் நேரத்தையும் கேளுங்கள். சில விடுதிகளில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள்.

மேலே சொன்ன எதுவும் உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து கப்பல் வந்து சேர மூன்று நாளளவு ஆகும். புறப்படும் தேதியே மாறக்கூடும்போது, வந்து சேரும் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. துறையில் இடம் கிடைக்கும்வரை கரையைப் பார்த்துக்கொண்டே கப்பல் நிற்பதும் உண்டு. நடுக்கடலில் கைப்பேசி வேலை செய்யாது என்பதால், தாமதத்தை அவர் உங்களுக்கோ விடுதிக்கோ தெரிவிக்கவும் முடியாது. எனவே அவர் பெயரில் முன்பணம் திரும்பாத அறை எதையும் எடுக்காதீர்கள். கப்பல் வந்து நிற்பது ஹேடோவில்; தனியார் படகு புறப்படுவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆகவே நீங்கள் ஹேவ்லாக் போன பிறகு அவர் வந்து இறங்கினால், அவருக்கு மட்டும் பஜாரைவிட ஹேடோவே சரியான இடம்: அங்கேயே ஓர் எளிய அறையில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை தனியார் படகைப் பிடிக்கட்டும். அரசுப் படகுச் சீட்டுத்தான் கிடைத்தது என்றால், விடியுமுன் ஆட்டோ பிடித்து ஃபீனிக்ஸ் பே போகவேண்டும் என்பதை அவர் கப்பல் ஏறுமுன்பே சொல்லி அனுப்புங்கள்.