வீட்டு வைஃபை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு உள்ளது. கீழே கூடத்தில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. மாடி அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் லைனில் குறையே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்புவதற்கு முன் சோதித்துவிடலாம். மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரே ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். 90க்கு மேல் வந்தால் அவர்கள் சொல்வது சரி. குறை ரவுட்டருக்கும் மாடி அறைக்கும் இடையில்தான் இருக்கிறது. கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது அலைகள் வெகுவாக வலுவிழக்கின்றன. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட அதிகமாகத் தேய்ந்துபோகும். ஆகவே மாடியில் 2.4இல் இணைத்துப் பார்ப்பதும், டிவி அலமாரிக்குள்ளோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ இருக்கும் ரவுட்டரை எடுத்து மாடிப்படிக்கு அருகில் உயரமாக மாட்டுவதும் செலவில்லாத வழிகள். அவை போதாவிட்டால், மாடிக்கு ஒரு கேட்6 கேபிளை இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும், வையுங்கள். ஆறு ஆன்டெனா கொண்ட புது ரவுட்டரை வாங்கிக் கீழேயே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் குரல் மாடிக்கு எட்டினாலும், கைப்பேசியின் மெல்லிய பதில் கீழே வந்து சேர வேண்டுமே!

கேள்வி: கேபிளுக்குப் பதிலாக ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவி) வாங்கி, சிக்னல் வராத அறையிலேயே வைத்தேன். இப்போது சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் வரவில்லை.

பதில்: கைப்பேசி காட்டுவது ரிப்பீட்டரின் சிக்னலை, அந்த ரிப்பீட்டருக்கே ரவுட்டரிடமிருந்து சரியாகக் கிடைக்கவில்லை. அதை இரண்டுக்கும் நடுவழியில் வையுங்கள். அப்போதும், ஒரே சேனலில் (அலைவரிசைக்குள் உள்ள தனிப் பாதை) வாங்கி அதே சேனலில் அனுப்பும் வகையாக இருந்தால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். கேபிளில் செருகிப் பார்த்தாலும் 94ஐத் தாண்டவில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா?

பதில்: 94 என்ற அந்த எண்ணே துப்புக் கொடுத்துவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் ஈதர்நெட் (லேன் கேபிள்) இணைப்பில், தகவலோடு சேர்த்து அனுப்பப்படும் முகவரி போன்ற தலைப்புக் குறிப்புகள் போக, நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவுதான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100க்கு நான்கு போதும், கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். முனையில் உள்ள ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுக் கம்பிகளும் நுனிவரை சென்று, செப்புத் தகடுகளுக்கு நேர்கீழே நிற்க வேண்டும். பழுப்போ நீலமோ சற்றே உள்வாங்கியிருந்தால், இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடும். கேபிள் சரியாக இருந்தால், ரவுட்டரிலோ கணினியிலோ கேபிளைச் செருகும் துளையே 100 வரைதான் தாங்கும் பழைய வகையா என்று பாருங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். சிக்னல் முழுதாக இருந்தும் இரவில் மட்டும் இழுக்கிறது.

பதில்: சிக்னல் கோடுகள் வலுவைக் காட்டுமே தவிர நெரிசலைக் காட்டாது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் 2.4இல் ஒரே காற்றை முறை போட்டுப் பகிர்கின்றன. 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அவற்றுள் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். காலியாகத் தெரிகிறதே என்று 3ஐயோ 4ஐயோ தேர்ந்தால், 1, 6 இரண்டின் இரைச்சலையும் சேர்த்து வாங்க நேரிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பயன்படுத்தும் டிவியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. கேபிளில் அளந்தும் இரவில் வேகம் குறைந்தால் மட்டும் நிறுவனத்தைக் கேளுங்கள்.

கேள்வி: புதிய ஸ்மார்ட் பிளக் வைஃபையில் சேரவே மறுக்கிறது.

பதில்: பெரும்பாலானவை 2.4இல் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் 2.4 வைஃபைக்குத் தனிப்பெயர் கொடுத்து, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 ஆக வைத்து மீண்டும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: வைஃபை பெயரை மறைத்து வைத்தால் யாரும் நுழைய முடியாதல்லவா?

பதில்: இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே மறைந்த பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். நீளமான கடவுச்சொல் வையுங்கள், கடவுச்சொல் இல்லாமலே பொத்தானாலோ எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பலரும் மறந்துவிடுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.