எந்தத் தியேட்டர்ல கண்ணு?

(இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சென்னிமலையில் வீட்டிலிருந்தபடியே கார்ட்டூனும் புத்தகங்களுக்குப் படமும் வரையும் ஓவியர்.)

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சொந்தக்காரர்களுக்குப் புரிந்துவிட்டதா அக்கா?
வாசகி, பெருந்துறை

இன்னும் இல்லை. ஒருநாள் ஈரோட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாரு ஒருத்தர், "அம்மிணி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார். "படம் போடறேனுங்க" என்றேன். "எந்தத் தியேட்டர்ல கண்ணு?" என்றார். பத்திரிகைக்கு, புத்தகத்துக்கு, பனியனுக்கு என்று நான் ரங்கம்பாளையம் வரும்வரை விளக்கினேன், மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுஞ்செரி, மாசம் எவ்வளவு குடுக்கறாங்க?" என்றார். மாசச் சம்பளம் கிடையாதுங்க, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாங்குவேன் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "ஓ, பீஸ் ரேட்டா!"

ஃப்ரீலான்ஸ் என்பதை இதைவிட நன்றாக எனக்கு யாரும் மொழிபெயர்த்துத் தந்ததில்லை. அன்றிலிருந்து கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் பீஸ் ரேட் என்றுதான் சொல்கிறேன், அடுத்த கேள்வி வருவதில்லை.

சிரிக்க வைக்கிற ஐடியா எங்கிருந்து வருகிறது? உட்கார்ந்து யோசிப்பீர்களா?
வாசகர், கோவை

உட்கார்ந்து யோசித்தால் தூக்கம்தான் வருகிறது. எனக்குக் கிடைத்ததில் பாதி, நம் ஊர்க்காரர்கள் பேசுவதை அப்படியே கேட்டு வைத்துக்கொண்டது. சண்டையில்கூட 'ங்க' போடுகிற ஊர் இது, "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குங்களா?" என்று திட்டினால் திட்டு வாங்கியவர் கோபப்படுவதா பதில் மரியாதை செய்வதா என்று தெரியாமல் நிற்பார். இதை வைத்து ஒரு படம் போட்டேன். இரண்டு பேர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சொல்கிறார்: "நீங்க பெரியவங்க, மொதல்ல நீங்களே அடிங்க."

முதலில் வரைந்தபோது இரண்டு முகத்திலும் கடுங்கோபம், பல்லைக் கடிக்கிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை, அம்மா உட்பட. என்ன தப்பு என்று ரெண்டு நாள் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: வசனத்தில் மரியாதை இருக்கிறது, படத்தில் துளிகூட இல்லை, இரண்டும் வேறு வேறு ஆட்கள் மாதிரி நிற்கின்றன. பிடித்த காலர் கசங்காமல் விரல் நுனியால் பிடித்திருக்கிற மாதிரியும், இரண்டு ஜோடிச் செருப்பும் ஓரமாக ஒழுங்காகக் கழற்றி விட்டிருக்கிற மாதிரியும் மாற்றினேன். செருப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள். வசனம் சொல்லாத ஒன்றைப் படம் சொல்லவேண்டும். ஒன்றையே இரண்டும் சொன்னால் நகைச்சுவை செத்துப்போகும். இன்னொன்று, சிரிப்பு வருகிற வார்த்தை வசனத்தின் கடைசியில் இருக்கட்டும். 'அடிங்க' என்பதைத் தூக்கி முன்னால் போட்டுப் படித்துப் பாருங்கள், புஸ்ஸென்று போய்விடும்.

எவ்வளவு ரேட் கேட்பது என்றே தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
கல்லூரி மாணவி, சத்தியமங்கலம்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும், விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவருக்கு மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாது. எங்கள் தொழிலிலும் எல்லாக் கையும் துண்டுக்கு அடியில்தான். அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாததாலேயே புதிதாக வருகிறவர்கள் அடிமாட்டு விலைக்குப் போகிறார்கள். அதனால் முதல் வேலை, உங்களுக்குத் தெரிந்த நாலு ஓவியர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் சொல்வேன், கேட்ட யாருக்கும் மறைத்ததில்லை.

என் கணக்கு இது. மாதத்தில் 26 நாள் வேலை நாள் என்று வைத்தால் அதில் பாதிதான் வரைவதற்குக் கிடைக்கும், மீதி நாள் போன் பேச, திருத்தம் செய்ய, பில் போட, அந்தப் பில்லுக்குப் பணம் கேட்டு மறுபடி மறுபடி போன் செய்யப் போய்விடும். ஆக, மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்றால் அதை 13 நாளில் சம்பாதிக்கவேண்டும், ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 3,000. படம் இரண்டு நாள் எடுக்கும் என்றால் 6,000. கூச்சமாக இருந்தால் வாயால் சொல்லாதீர்கள், எழுதி அனுப்புங்கள். பாதி முன்பணம், திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் காசு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கம்பெனிகள் வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசும் போச்சு.

இரண்டு முறை என்று நான் எழுதாமல் விட்டது ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு. பொண்ணு மாப்பிள்ளை கேலிச்சித்திரம், பதினோரு திருத்தம். பதினொன்றில் எட்டு, மாப்பிள்ளையின் தலைமுடி சம்பந்தப்பட்டது. முகூர்த்தத்தன்று நேரில் பார்த்தேன், என் முதல் படம்தான் சரியாக இருந்தது.

ஐபேட் வாங்காமல் இந்தத் தொழிலுக்கு வரமுடியுமா?
வாசகர், தாராபுரம்

முடியும். ஏ4 தாள், பென்சில், தண்ணீர் பட்டால் கலையாத ஒரு கறுப்பு பேனா. கம்ப்யூட்டரில் வண்ணம் போட கிருதா என்ற மென்பொருள் இலவசம். மீதிக் காசில் நல்ல நாற்காலி வாங்குங்கள், முதுகு போனால் திரும்பி வராது.

திரையில் கிளிப்பச்சையாக இருந்த படம், அச்சில் பாசி படிந்த மாதிரி வந்திருக்கிறது. பிரஸ்காரர் ஏமாற்றிவிட்டாரா?
வாசகர், பொள்ளாச்சி

பாவம், அவரை விட்டுவிடுங்கள். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையைக் கலந்துதான் எல்லாம் வரவேண்டும், பளிச்சென்ற அந்தப் பச்சை நாலு மைக்குள் கிடையவே கிடையாது. வரைய ஆரம்பிக்கும்போதே கோப்பை அந்த நாலு மைக் கணக்கான சிஎம்ஒய்கே முறையில் வைத்துக்கொள்ளுங்கள், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 அளவென்றால் 2480க்கு 3508 பிக்சல்.

திருப்பூருக்குப் பனியன் படம் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஃப்ரேம், கறுப்புத் துணியென்றால் அடியில் வெள்ளை அடிக்க இன்னொரு ஃப்ரேம். ஏழு கலரில் வானவில் மாதிரி கொண்டுபோனால் பிரிண்டிங் யூனிட்காரர் படத்தைப் பார்க்கமாட்டார், உங்களைப் பார்ப்பார். மூன்று கலருக்குள் வரையப் பழகினதே எனக்கு அங்கேதான்.

நான் வரைந்த ஆட்டுக்குட்டி கார்ட்டூனை யாரோ கேட்காமலே டீ ஷர்ட்டில் அடித்து விற்கிறார்கள். பதிவு செய்யாததால் ஒன்றும் செய்யமுடியாது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், திருப்பூர்

எனக்கும் நடந்திருக்கிறது. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் என் காக்கா ஒன்று ஒரு பையனின் நெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஓரத்தில் நான் போட்ட கையெழுத்தை மட்டும் அழகாக அழித்திருந்தார்கள். பையனிடம் சண்டை போட முடியுமா? "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் அடித்த கம்பெனியைக் கண்டுபிடித்து எழுதினேன், நெட்டில் கிடந்தது என்று பதில் வந்தது. நெட்டில் கிடந்தால் கேட்பாரற்றதா?

பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை என்பது தவறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்த நேரத்திலிருந்தே அது உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும். பதிவு செய்திருந்தால் நிரூபிக்க லேசு, அவ்வளவே. உரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்கவேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதாமல் விட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் துணிக்கு என்றே வரைந்து நீங்களே அச்சடித்து விற்றிருந்தால் கொஞ்சம் சிக்கல், டிசைன் சட்டம் 2000 என்று ஒன்று குறுக்கே வரும், அதில் பதிவு செய்யாத டிசைனை 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் அடித்தால் பதிப்புரிமை கைவிட்டுப் போகலாம். இதற்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுவரை பென்சில் படம், லேயரோடு இருக்கும் கோப்பு, முதலில் வெளியிட்ட தேதி மூன்றையும் பத்திரப்படுத்தி, அந்த டீ ஷர்ட்டில் ஒன்றை பில்லோடு வாங்கி வையுங்கள். ஆமாம், உங்கள் ஆட்டுக்குட்டியை நீங்களே காசு கொடுத்து வாங்கவேண்டும்.

காசுக்கு இல்லாமல் உங்களுக்காக என்ன வரைகிறீர்கள்?
வாசகி, காங்கேயம்

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009ல், அக்டோபர் மாதம் முழுக்க தினம் ஒரு மைப்படம் என்று ஆரம்பித்துவைத்தார், இப்போது உலகம் முழுக்கச் செய்கிறார்கள். எல்லோரும் டிராகன் வரையும்போது நான் நம் கொங்கு வார்த்தைகளை எடுத்துக்கொண்டேன். ஒடக்கான் (ஓணான்), பொடனி (பிடரி), அட்டாரி (பரண்), நோம்பி (திருவிழா) என்று தினம் ஒரு வார்த்தைக்கு ஒரு படம். ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, வரைந்ததில் வந்தவரைவிட அவர் கையிலிருந்த பை பெரிதாக இருக்கும், வீட்டுப் பிள்ளைகள் பையைத்தான் வாங்க வாங்க என்று கும்பிடுவார்கள்.

இட்டாரி என்றால் காடுகளுக்கு நடுவே இரண்டு வேலிக்கு இடையில் போகிற தடம். அதற்கு இரண்டு பக்கமும் கம்பி வேலி போட்டிருந்தேன். அதைப் பார்த்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "இது ஆரூட்டு இட்டாரி? கிளுவை எங்க?" என்றார். காங்கேயத்துக்காரரான உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு என்றாலே சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், மாடு மேய்ந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவள் கம்பி வேலி போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு இட்டாரி ஓரத்தில் உட்கார்ந்து கிளுவையைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன், இலை சின்னது, முள் கூர்மை, கைதான் கிழிந்தது. ஆர்டர் படம் எதற்கும் நான் இப்படிப் போய் உட்கார்ந்ததில்லை, நேரம் இருக்காது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பதிப்பாளர் சிறுவர் புத்தகத்துக்குக் கூப்பிட்டார். 31 வார்த்தை முடிக்கவில்லை, 19ல் காய்ச்சல் வந்து நின்றுவிட்டது. மீதி இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த ஓவியர்?
வாசகர், கோபி

ஆனந்த விகடனில் வரைந்த கோபுலு. வசனமே இல்லாமல் அவர் போட்ட சிரிப்புப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் படத்திலிருந்து வசனத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பேன், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. வயதான காலத்தில் வலது கை முடியாமல் போனபோது இடது கையால் வரையப் பழகினவர் அவர். எனக்கு நெட்டி முறித்தாலே லீவு.

பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். புத்தகம் முழுக்கப் படம்தான். என்ன செய்வது?
ஒரு தாய், திருச்செங்கோடு

பள்ளிக்கூடத்துக்கும் மார்க்குக்கும் பேர்போன உங்கள் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்டவேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, சென்னைக் கல்லூரி 1850ல் தொடங்கியது. பி.எஃப்.ஏ. என்கிற கவின் கலைப் பட்டப்படிப்பு நாலு வருஷம், வரைந்து காட்டித்தான் சேரவேண்டும். பரீட்சையை எழுதி முடிக்கட்டும். புத்தகத்தை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், என்னுடையதெல்லாம் அப்படித்தான் போனது.

யாரையாவது கிண்டல் செய்து மாட்டிக்கொண்டது உண்டா?
வாசகர், அந்தியூர்

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேஜைக்குப் பின்னால் நின்று யார் எவ்வளவு வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற ஒரு மீசைக்காரரை வரைந்தேன். வேறு யாரும் இல்லை, எங்கள் பெரியப்பாதான். பத்திரிகையில் வந்த அன்றைக்குப் பொழுதோட நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா உள்ளே போய்விட்டார். பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இது ஆரு கண்ணு?"

நான் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மீசை இம்புட்டுத்தானா எனக்கு?"