முதலில் மகளைக் கூட்டி வாருங்கள்

கேள்வி: அப்பா நிலம், வீடு எல்லாவற்றையும் சித்தப்பா பேருக்கு உயில் எழுதிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பணம் மட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கு என்று கணவர் நெருக்குகிறார். இங்கிலாந்துச் சீமாட்டி ஆன் கிளிஃபோர்ட் இதே நிலையில் 38 ஆண்டுகள் போராடி வென்றதாகப் படித்தேன். நானும் உறுதியாக நிற்கட்டுமா? (மூன்று வயது மகள் இப்போது மாமியார் வீட்டில். பேச்சு முடிந்ததும் கொண்டுவந்து விடுவாராம்.)
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நிலத்துக்கு இத்தனை வரி எழுதிவிட்டு, பெற்ற மகளை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருக்கிறீர்கள். விடுமுறைக்குப் பாட்டி வீடு போன பிள்ளையா அவள்? உங்கள் கையெழுத்துக்காக அவளை அடகு வைத்திருக்கிறார்கள். அது உறைக்கவில்லையா உங்களுக்கு?

ஆன் கதையிலும் இது வருகிறது. 1605இல் அவர் தந்தை, கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்ட் இறந்தபோது, ஸ்கிப்டன் கோட்டை உட்பட எல்லாம் ஆனின் சித்தப்பா பிரான்சிஸுக்குப் போனது. ஒரே மகளுக்கு 15,000 பவுண்ட். பெண் வாரிசுக்கும் உரிமை உண்டு என்ற பழைய சாசனத்தைக் காட்டி மகளுக்காக வழக்காடியவர் தாய் மார்கரெட். கணவர் டார்செட் பிரபுவுக்கோ ரொக்கம் வேண்டும். சூதாட்டம், சேவல் சண்டை என்று காசைக் கரைத்த மனிதர். ஆன் மசியவில்லை. 1616 மே மாதம், இரண்டு வயதுகூட நிரம்பாத மகளை நோல் மாளிகையிலிருந்து லண்டனுக்கு அனுப்பச் சொன்னார் கணவர். மறுத்தால் அவர் கோபம் கூடும், அது குழந்தைக்குத்தான் கேடு என்று நினைத்து ஆன் அனுப்பி வைத்தார். அன்று அழுத அழுகையை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே மாதம் தாயும் வடக்கே ப்ரூம் கோட்டையில் இறந்துபோனார்.

அடுத்த ஜனவரியில் மன்னர் ஜேம்ஸ் எதிரிலேயே, உயிருள்ளவரை வெஸ்ட்மோர்லண்ட் நிலத்தை விடமாட்டேன் என்றார் பாருங்கள், அந்த நெஞ்சுரத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் போராடி வென்றார் என்று சொல்லாதீர்கள். மன்னரின் தீர்ப்பு சித்தப்பா பக்கம்தான். 1643இல் சித்தப்பா மகன் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். நிலம் தானாக வந்து சேர்ந்தது.

மகளை அனுப்பியதற்காக ஆன் கிளிஃபோர்டைத் திட்ட மாட்டேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிள்ளை மேல் உரிமை முழுக்கத் தகப்பனுக்குத்தான். உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று, இந்துக் குடும்பங்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

கணவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள்தான் நான். பிள்ளையை வைத்துப் பேரம் பேசுகிறவருக்கு அந்த மதிப்பு கிடையாது. மருமகளை மிரட்டப் பேத்தியைப் பூட்டி வைக்கிற மாமியாருக்கும் அதேதான்.

சொத்து பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அதெல்லாம் அப்புறம். நாளைக் காலையில், வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போங்கள். வாசலில் நின்று வாதாடாதீர்கள், மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். தர மறுத்தால், அங்கிருந்தே நேராக மகளிர் காவல் நிலையம். அவள் துணிமணியை எடுக்க மறந்தாலும் பரவாயில்லை.